இடம் மட்டும் போதும்

பக்கத்து வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுவதற்காக மாமரத்தை வெட்டிய அன்றுதான் அந்தச் செடியை எடுத்துவந்தேன். கீழே விழுந்த கிளையில் தோல்வார் போன்ற இலைகளும் வெள்ளைக் கயிறு போன்ற வேர்களுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மரம் வெட்டியவர், "அது புல்லுருவி தம்பி, தூக்கிப் போடுங்க" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் பழக்கம். சென்னையில் வேலை போய், ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டு மாடியறைக்கு வந்து எட்டு மாதமாகியிருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் என்னைப் பற்றி அதே சொல்லைச் சொன்னது காதில் விழுந்திருந்தது.

முதலில் தொட்டியில் மண்ணைப் போட்டு நட்டு, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் பாதி வேர் அழுகிவிட்டது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்துக்குப் படம் எடுத்துக்கொண்டு போனேன். புல்லுருவி இல்லையாம். வாண்டா டெஸ்ஸலாட்டா என்னும் ஆர்க்கிட். 1795இல் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூலில் படத்தோடு விவரித்த செடி. ஆர்க்கிட் என்றால் மலையில்தான் என்று நினைத்திருந்தேன். இது நம் சமவெளி மாமரத்திலும் வளரும்.

புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். இது பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. மழை, பனி, தூசு, மக்கிய இலை, இவைதான் சாப்பாடு. வேரைச் சுற்றியுள்ள வெள்ளைப் பஞ்சுறை நீரைச் சட்டென்று உறிஞ்சும். பிறகு காற்று பட்டுக் காய வேண்டும். நான் அக்கறையாலேயே அதற்கு மூச்சுமுட்ட வைத்திருந்தேன்.

அழுகியதை வெட்டிவிட்டு, அதே மாமரக் கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி, காலை வெயில் மட்டும் விழும் கிணற்றடியில் தொங்கவிட்டேன். தண்ணீர் தெளித்ததும் வெள்ளை வேர் பச்சையாகும். பச்சையானால் போதும், நிறுத்திவிடலாம். காவிரி மணலாகக் கிடக்கும் சித்திரையில் மட்டும் சாயங்காலமும் ஒரு தடவை.

ஒரு வருடமாகியும் பூக்கவில்லை. ஆனால் போன வாரம் ஒரு புது வேர் கயிற்றைத் தாண்டிக் கட்டையைப் பிடித்திருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மரத்துகிட்ட இருந்து எதையும் எடுக்காது அத்தை. இடம் மட்டும் போதும்."

சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. நான் அத்தை வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

அத்தை வேரை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எடுத்தாத்தான் என்னடா? மரம் உன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

பிறகு, "தோசை ஆறுது, வா" என்று உள்ளே போனாள்.