அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது

படர்தாமரையால் யாருக்கும் உயிர் போவதில்லை. அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. மும்பை மழையில் நனைந்து, மின்சார ரயிலில் நசுங்கி, ஈர உடையோடு நாள் முழுக்க வேலை பார்க்கும் என் அண்ணனும் மதிக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் சீட்டு கேட்காமல் ஒரு டியூபை நீட்டினார். இரண்டே நாளில் அரிப்பு போயிற்று. ஒரே மாதத்தில் இடுப்பிலிருந்த வட்டம் முதுகுக்கு ஏறியது.

டியூபின் பொடி எழுத்துகளைப் படித்தேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு சண்டையை நிறுத்திவிடும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம்!

பூஞ்சையைக் கொல்வது ஏற்கெனவே சிரமம். அதன் செல் பாக்டீரியாவைவிட நம் செல்லுக்கே நெருங்கிய உறவு. அதைத் தாக்கும் மருந்து நம்மையும் தாக்கக்கூடும். நல்லவேளையாக, நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் அதற்கு எர்கோஸ்டெரால். டெர்பினஃபின் மருந்து இந்த எர்கோஸ்டெராலைத் தயாரிக்க உதவும் ஒரு என்சைமை முடக்குகிறது. சவ்வு சிதைந்து பூஞ்சை சாகிறது.

அண்ணனுக்கு இதுவும் பலிக்கவில்லை. தோல் மருத்துவர் இட்ராகொனசோலுக்கு மாற்றினார். அது வேறொரு என்சைமைத் தடுப்பது. வாரக்கணக்கில் மாத்திரை. வீட்டில் ஆளுக்கொரு துண்டு.

2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டெர்பினஃபினுக்கு மசியாத ஒரு பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு அது இருந்தது தெரியவந்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர்.