நடு தேய்ந்த டயர்

கடந்த கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வவுனியாவில் வேலை முடித்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தூறல். கனகராயன்குளம் தாண்டியதும் ரோட்டோரத்தில் நின்ற மாடு ஒன்று குறுக்கே இறங்கியது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். முன் சில்லு சொன்ன சொல் கேட்டது. பின் சில்லு கேட்கவில்லை. அது பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போக, பைக் பாதி திரும்பி, நான் ஓரிடம் அது ஓரிடமாகக் கிடந்தோம். மாடு நின்று பார்த்துவிட்டு மற்றப் பக்கம் போனது.

முழங்காலில் சிராய்ப்பு, ஒரு சிக்னல் லைட், கிளச் கைபிடி. சேதம் இவ்வளவுதான். பின்னால் லொறி ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் கிளிநொச்சி கராஜில் அண்ணை பைக்கைப் பார்த்தார். உடைந்த கைபிடியை அவர் கவனிக்கவே இல்லை. குந்தியிருந்து பின் டயரில் உள்ளங்கையை வைத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தடவினார். "தம்பி, கையை வைச்சுப் பார்" என்றார். வைத்தேன். நடுவில் மேசை மாதிரித் தட்டை. இரண்டு ஓரங்களும் அப்படியே வளைவாக, புதிதாக. ஓரத்தில், டயர் அச்சிலிருந்து வரும்போது இருக்குமே சின்னச் சின்ன ரப்பர் மயிர்கள், அவைகூட விழவில்லை.

"நீ சரிஞ்சு ஓடின ஆளே இல்லை. ஏ9இல நேராப் போய் நேரா வாறாய். நடு மட்டும் தேய்ஞ்சு போச்சு."

உண்மைதான். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. வளைவு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. திங்கள் காலை போய் வெள்ளி பின்னேரம் திரும்புவதில் என் டயர் வன்னியின் நேர்ரோட்டை அப்படியே தன்னில் எழுதி வைத்திருந்தது. காடிகளுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், தேய்மானக் குறி. டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணம் அது எங்கே இருக்கிறது என்று காட்டும். மேற்பரப்பு அந்த மேட்டோடு சமனானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். என்னுடையது சமனாகி எத்தனை மாதம் ஆனதோ. காடி இல்லாத இடத்தில் மழைத்தண்ணிக்கு ஒதுங்க வழியில்லை, டயர் அதன்மேல் ஏறி வழுக்கும். இதைப் படிக்கிற நீங்களும் ஒருக்கா எழும்பிப் போய் உங்கட பைக்கைப் பாருங்கோ. நான் நாலு வருசம் பார்க்கவில்லை.

சும்மா ஓடித் திரிய என்றால் ஏதாவது ஒரு டயரைப் போட்டிருப்பேன். ஆனால் சித்திரை வருசத்துக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு நோர்வூட் பக்கம் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அப்பா பிறந்தது அங்கே ஒரு தோட்டத்து லயத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்தார்கள். அப்போது அவருக்குப் பதினொரு வயது. பிறகு கிளிநொச்சி பாரதிபுரம், காணி, கிணறு, கலியாணம், இடப்பெயர்வு, திரும்பி வந்தது எல்லாம். எங்களோடு பேசும்போது அவர் பேச்சு எங்கள் பேச்சுத்தான். தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மட்டும் நாக்கு மலைக்குத் திரும்பிவிடும். "நாங்க வந்தது ராத்திரியில தம்பி. லொறிக்கு மேல படங்கு கட்டிட்டாங்க. எந்த வழியா வந்தோம்னே எனக்குத் தெரியாது. ஒரு தடவ அந்த ரோட்ட பாக்கணும்." இதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் போனால் அவர் நினைத்த இடத்தில் இறங்கி நிற்க முடியாது. அதனால்தான் பைக்.

அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. "ரயர் வாங்கிற காசுக்கு ரெண்டு பேரும் பஸ்ஸில ரெண்டு தரம் போட்டு வரலாம்." கணக்கு சரி. ஆனால் அப்பா அந்தப் பேச்சை காதில் போடவில்லை.

என்னுடையது அவெஞ்சர் 220. நீளப் பயணத்துக்கென்று ஆசைப்பட்டு 2021இல் ஒருவரிடம் பாவித்தது வாங்கினேன். இருக்கை தாழ்வு, பின்னால் இருப்பவருக்கு முதுகு சாய்க்கவும் வசதி. அப்பா ஏறி இறங்க இதைவிட நல்ல பைக் இல்லை. ஒரு சிக்கல், பின் டயர் 130/90-15. எங்கள் ஊரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவைக்குச் சில்லு 17 அங்குலம் அல்லது 18. அதனால் 15 அங்குலத்தில் டயர் வாங்கி வைக்கக் கடைக்காரர்கள் யோசிப்பார்கள்.

இந்த இலக்கங்களை நான் அதுவரை வாசித்ததே இல்லை. 130 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 90 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. 15 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில். அதற்குப் பக்கத்தில் 66P என்று இருக்கும். 66 என்றால் அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும், P என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர் வரை ஓடலாம். வேகம் எனக்குத் தேவையில்லை. பாரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். பைக் சுமார் 160, நான் 72, அப்பா 61, பை ஒரு 12. இரண்டு பேர் இருந்தால் இந்தப் பாரத்தின் பெரும் பங்கு பின் சில்லில்தான். அது நிலத்தில் தொடுகிற இடம் ஒரு உள்ளங்கை அளவு.

தை மாதம் கடை கடையாக ஏறினேன். ஒருவர் பாவித்த டயர் ஒன்பதாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். பார்க்காமலே வேண்டாம் என்றேன். இன்னொருவர் "140 போடுங்கோ தம்பி, பின்பக்கம் பெரிசாத் தெரியும், கெத்தா இருக்கும்" என்றார். எனக்கும் கொஞ்சம் ஆசைதான். கராஜ் அண்ணையிடம் கேட்டேன். ஒரே சில்லில் அகலமான டயரை ஏற்றினால் ஓரங்கள் உள்ளே நெருக்கப்பட்டு, டயர் நிலத்தில் பதிகிற வடிவமே மாறும், செயின் பக்கம் உரசவும் கூடும் என்றார். கெத்தை விட்டேன். தோட்டத்து ரோட்டுக்கு மொத்தப் பல்லு வைத்த டயர் போடச் சொன்னான் ஒரு நண்பன். போய்வர அறுநூற்றைம்பது கிலோமீற்றர் தார் ரோட்டு, கடைசி ஐந்தாறு கிலோமீற்றர்தான் கல்லும் கொங்கிறீற்றும். அந்தக் கொஞ்சத் தூரத்துக்காக மிச்சம் முழுக்க நனைந்த தாரில் குறைந்த ரப்பரோடு போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பிறகு ஒரு கடையில் சரியான அளவிலேயே கிடைத்தது. பேப்பர் சுற்று பிரிக்காதது. பதினேழாயிரத்து ஐந்நூறு. கையில் காசு இருந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன்தான். ஏதோ ஒரு எண்ணத்தில் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "பக்கத்தில முட்டை வடிவத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், வாசி" என்றார்.

3119.

முதல் இரண்டும் வாரம், பிந்திய இரண்டும் வருசம். 2019ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். நான் நின்றது 2025 தையில். அந்த டயருக்கு ஐந்தரை வயது.

அது கடையில் கிடந்த காலத்தை யோசித்துப் பார்த்தேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், டயருக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. பெற்றோல் செட்டில் இரவெல்லாம் படுத்துக் கிடந்து, பிறகு கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். இத்தனை நடந்தபோதும் இந்த டயர் கிளிநொச்சி வெயில் படுகிற சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ரப்பர் ஓடினால்தான் பழுதாகும் என்றில்லை. வெயிலும் காற்றும் பட்டாலே இறுகும். காடியை இரண்டு பெருவிரலாலும் விரித்துப் பார்த்தேன். அடியில் மயிர் போன்ற வெடிப்புகள்.

"ஓடாத டயர் தம்பி, புதுசு தானே" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு வரவில்லை. அவரும் அந்த வருசங்களில் காசை முடக்கிவிட்டு இருந்தவர்தான். ஆனால் அதை நான் மட்டும் ஓடப்போவதில்லையே. "யோசிச்சுப் போட்டு வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பேருக்கும் தெரியும், நான் திரும்பி வரமாட்டேன் என்று.

கடைசியில் வவுனியாவில் ஒரு கடைக்காரர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒருவரோடு போனில் கதைக்கத் தந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அளவைச் சொன்னேன். "அலுத் ஸ்டொக் மல்லி, பய வென்ன எபா" என்றார். புதுச் சரக்கு, பயப்படாதே என்கிறார். பயப்படவில்லை, அந்த நாலு இலக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். சிரித்தார். அரை மணித்தியாலத்தில் படம் வந்தது: 4224. முந்தைய ஐப்பசியில் செய்தது. இருபத்தேழாயிரம், ரியூப் வேறு. அந்த மாதம் நான் வீட்டுக்குக் கொடுக்கிற காசில் குறைந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய சீட்டுக் காசிலிருந்து ரியூப்புக்குத் தந்தார். பஸ் கணக்கை மட்டும் இன்னொரு தரம் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஆசியாவில் ரப்பர் மரம் முதலில் நடப்பட்ட இடங்களில் ஒன்று கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டம், 1876இல். இன்றும் இங்கிருந்து டயர் கப்பல் ஏறுகிறது. எனக்கு ஒரு டயர் எடுக்க ஒன்றரை மாதம்.

டயர் பஸ் பொதியில் வந்தது. அண்ணை என்னையும் பக்கத்தில் குந்த வைத்துத்தான் பூட்டினார். என்னுடையது கம்பிச் சில்லு, ரியூப் இல்லாமல் முடியாது. பழைய ரியூப்பைத் திரும்பப் போடலாமா என்று கேட்டேன். அது பழைய டயருக்குள் இழுபட்டுப் பழகியது, புது டயருக்குள் மடிப்பு விழும், மடிந்த இடத்தில் கிழியும் என்றார். கம்பி முனைகளை மூடுகிற ரப்பர் பட்டி காய்ந்து கிடந்தது, அதையும் மாற்றினார். உள்ளே பவுடர் தூவினார். பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி ஓடுகிற திசையைப் பார்க்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். "இப்ப உடன மலைக்குப் போகாத. புது ரயர் மேல வழுக்கும். இருநூறு கிலோமீற்றர் மெதுவா ஓடு, சரிச்சுத் திருப்பாத, இறுக்கிப் பிரேக் பிடிக்காத." வவுனியாவுக்கு இரண்டு கிழமை போய்வந்ததில் அது ஓடி முடிந்தது. காற்று தனியாகப் போகும்போது ஒரு அளவு, இருவர் என்றால் கூட. அதுவும் டயர் சூடாக முதல் பார்க்க வேண்டும். இவ்வளவு நாளும் பெற்றோல் செட்டில், ஓடி வந்த சூட்டோடு, "முப்பது அடிங்கோ" என்று சொன்னவன் நான்.

சித்திரையில் போனோம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, தம்புள்ளையில் சாப்பிட்டு, மாத்தளை, கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி. கண்டி வரைக்கும் அப்பா பேசிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. கினிகத்தேனைக்குக் கிட்ட மழை பிடித்தது. சித்திரை மாதத்தில் மலையில் பின்னேரம் இப்படித்தான் கொட்டுமாம். ஒதுங்கி நிற்கவா என்று கேட்டேன். "வேணாம், மெதுவா போ" என்றார். வளைவுக்கு மேல் வளைவு. முதல் இரண்டு மூன்றில் என் உடம்பு முழுக்க கனகராயன்குளம்தான். பின் சில்லு எப்போது போகும் என்று காத்துக்கொண்டே சரித்தேன். போகவில்லை. அப்பாவின் கை என் தோளில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவரும் என்னோடு சேர்ந்து சரிந்தார், யாரும் சொல்லிக் கொடுக்காமலே.

ஓரிடத்தில் தோளில் தட்டி நிறுத்தச் சொன்னார். மழை விட்டிருந்தது. ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கோவில், கீழே பள்ளத்தில் ஆறு. நெடுநேரம் பார்த்தார். "இது ஞாபகம் இருக்கா அப்பா?" என்று கேட்டேன். "இல்ல. படங்கு மூடியிருந்திச்சுன்னு சொன்னேன்ல" என்றார்.

தோட்டத்தில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை, அது அவருடைய கதை. லயம் இருந்தது, ஆட்கள் வேறு.

திரும்பி வந்த அடுத்த நாள் பைக்கைக் கழுவும்போது பின் டயரைத் தடவிப் பார்த்தேன். ஓரத்து ரப்பர் மயிர்கள் இரண்டு பக்கமும் போயிருந்தன. பழைய டயர் கொல்லையில் கிடந்தது. தண்ணி தேங்கி நுளம்பு பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பிடிப்பார் என்று அம்மா சத்தம் போட, அப்பா அதில் கத்தியால் நாலு ஓட்டை போட்டு கிணற்றடி வாழைக்கு அணையாக வைத்துவிட்டார்.

முன் டயரின் இலக்கம் 0822. இன்னும் ஒரு வருசம் போகும் என்கிறார் அண்ணை. அப்பாவின் அக்கா ஒருவர் பண்டாரவளைப் பக்கம் இருக்கிறாராம், இதுவரை ஒருநாளும் சொல்லாத அக்கா. முன் டயருக்குச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.