மிளகாயை ஜாடியில் போட்டு விற்கும் ஊர்

சியோல் நகரத்திலிருந்து தெற்கே மூன்றரை மணி நேரம் பேருந்தில் போனால் சுன்சாங் வந்துவிடும். தென்கொரியாவின் வட ஜொல்லா பகுதியில், சுற்றிலும் மலை சூழ்ந்த சின்ன மாவட்டம். சோம்ஜின் ஆறு பாய்கிற பள்ளத்தில் நெல், மேட்டு நிலத்தில் மிளகாயும் சோயாவும். கொரியாவில் யாரிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் மறுவார்த்தையாக ‘கோச்சுஜாங்’ என்பார்கள். மிளகாய், ஒட்டரிசி, சோயா மூன்றையும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்த இனிப்பும் காரமுமான விழுது அது. கொரியச் சமையலறையில் அது இல்லாத வீடு அபூர்வம்.

நாலா பக்கமும் சிதறிக் கிடந்த விழுது தயாரிப்பாளர்களை ஒரே இடத்தில் குடியமர்த்தி, 1997-ல் தனிக் கிராமமே உருவாக்கியது மாவட்ட நிர்வாகம். வளைந்த ஓட்டுக்கூரை வீடுகள். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் இடுப்பளவு உயரத்தில் பழுப்பு நிற மண்ஜாடிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ‘ஓங்கி’ என்று பெயர். மெருகு பூசிச் சுட்டிருந்தாலும் காற்று லேசாக உள்ளே போய்வரும் ஜாடி அது. நல்ல வெயில் நாளில் மூடியைத் திறந்து வைப்பதும், பொழுது சாயும்போது மூடுவதும், மழை வாடை வந்தால் ஓடிவந்து மூடுவதும் வீட்டுப் பெரியவர்களின் அன்றாட வேலை.

ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 1392-ல் சோசன் அரசை நிறுவிய யி சோங்-கியே, அதற்கு முன்பு இங்குள்ள மடத்துத் துறவியைப் பார்க்க வந்தாராம். வழியில் ஒரு குடியானவர் வீட்டில் சாப்பிட்ட விழுதின் ருசி மறக்காமல், அரசரான பிறகு அதை அரண்மனைக்கு வரவழைத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அப்போது ஆசியாவில் எங்குமே மிளகாய் கிடையாது. தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலேறி அது நம் கரைக்கு வந்ததே 16-ம் நூற்றாண்டில்தான். கொரியாவுக்குப் போனது அந்த நூற்றாண்டின் கடைசியை ஒட்டி. அரசர் சாப்பிட்டது வேறு ஏதாவது புளித்த சோயா விழுதாக இருக்கலாம். கதையில் பழுது இருந்தாலும், சுன்சாங் விழுது ருசிக்குப் பேர்போனது என்பதில் பழுதில்லை.

அந்த ருசிக்குக் காரணம் பருவக் கணக்கு. விழுதுக்கு உயிர் கொடுப்பது ‘மேஜு’ என்ற சோயாக் கட்டி. மற்ற ஊர்களில் அறுவடை முடிந்து பனிக்காலத்தை ஒட்டி அதைப் பிடிப்பார்கள். சுன்சாங்கில் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் புழுக்கத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். ஆறு பங்கு சோயாவுக்கு நாலு பங்கு சாதா அரிசி. இரண்டையும் அவித்து இடித்து, நடுவில் ஓட்டை வைத்து மெதுவடை போலப் பெரிதாகத் தட்டி, வைக்கோலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வைக்கோல் வெறும் கயிறு என்று நினைத்துவிட வேண்டாம். அதில் இயற்கையாகவே இருக்கும் பேசில்லஸ் பாக்டீரியா கட்டிக்குள் இறங்குகிறது. காற்றிலிருந்து நன்மை செய்யும் பூசணமும் வந்து சேர்கிறது. நன்றாகக் காய்ந்ததும் பொடித்து வைத்துக்கொண்டு, டிசம்பர் குளிரில் விழுது கூட்டுகிறார்கள். குளிரில் கூட்டுவதால் புளிப்பு அவசரப்படாமல் மெல்ல ஏறுகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்து ஜாடியைத் தொட மாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் விடுபவர்களும் உண்டு.

இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் விவசாயிகள் கவனிக்க வேண்டிய சங்கதி. பழைய முறையில் சர்க்கரை சேர்ப்பதில்லை. பார்லியை முளைகட்டி, காயவைத்து, பொடிக்கிறார்கள். 200 கிராம் பொடியை 3 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் அரை கிலோ ஒட்டரிசி மாவைக் கரைத்து, 60 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். (நம்மூர் கவுனியும் ஒட்டும் ரகம்தான்.) கெட்டிக் கஞ்சியாக இருந்தது தண்ணீர் போல இளகும். நாக்கில் வைத்தால் தித்திக்கும். முளையிலுள்ள நொதி, அரிசி மாவை மால்ட் சர்க்கரையாக உடைத்துவிட்டது என்று அர்த்தம். சூடு 75 டிகிரியைத் தாண்டினால் நொதி செத்துவிடும், கஞ்சி கஞ்சியாகவே நிற்கும்.

இளகிய பிறகு கொதிக்கவைத்துப் பாதிக்கும் கீழாகச் சுண்டவிட்டு, நன்றாக ஆறியதும் 250 கிராம் மேஜுப் பொடி, அரை கிலோ மிளகாய்ப் பொடி, 250 கிராம் உப்பு சேர்த்துக் கிளறுகிறார்கள். சூட்டோடு மிளகாய்ப் பொடியைக் கொட்டினால் நிறம் கறுத்துப்போகும். அரை கிலோ பொடியா என்று பதற வேண்டாம். கொரிய மிளகாயில் நிறமும் இனிப்பும் அதிகம், காரம் குறைவு. விதை நீக்கி அரைப்பார்கள். நம் சம்பா மிளகாயை அதே அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது. கர்நாடகத்துப் பியாடகிதான் அதற்குக் கிட்டத்தட்ட இணை.

மேஜுப் பொடியை மட்டும் கடையில் வாங்குவதே நல்லது. பூசணம் பிடித்த எந்தச் சோயாவும் மேஜு ஆகிவிடாது. நிலக்கடலையில் வரும் அஃப்லாடாக்ஸின் நஞ்சைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு பக்குவம் இருந்தும், ஊர்க்காரர்களின் கவலை மிளகாயில்தான் இருக்கிறது. மே மாதம் நட்டு, ஜூலை கடைசியிலிருந்து குனிந்து குனிந்து பல தடவை பறிக்க வேண்டிய பயிர். மழை சரியாகப் பழுக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ளும், பழ அழுகல் நோய் கூடவே வரும். பறிக்கும் கைகளோ பெரும்பாலும் வயதானவர்களுடையவை, பிள்ளைகள் நகரத்தில். வெயிலில் காயவைத்த மிளகாய்க்குக் கூடுதல் விலை உண்டு. காம்பு மஞ்சளாக வெளுத்திருந்தால் வெயிலில் காய்ந்தது, பச்சை மாறாமல் இருந்தால் எந்திரத்தில் காய்ந்தது என்று சந்தையில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தப் பாட்டுக்குப் போட்டி சீனத்து மிளகாய். காய்ந்த மிளகாயை இறக்குமதி செய்தால் கொரியாவில் 270 சதவிகித வரி. உறையவைத்த மிளகாய்க்கு 27 சதவிகிதம்தான். வியாபாரி என்ன செய்வார்? உறைந்த மிளகாயை இறக்கி, உள்நாட்டில் காயவைத்துப் பொடியாக்குகிறார். வேலி போட்டுவிட்டுப் படலைத் திறந்து வைத்த கதை. விலை மலிவான ஆலை விழுதுகள் பலவற்றில் இந்தப் பொடியோடு கோதுமை மாவும் மாவுச்சத்துப் பாகும் சேர்கின்றன. மூலப்பொருள் எந்த நாட்டுடையது என்று டப்பாவில் அச்சிட வேண்டும் என்ற சட்டம் அங்கே இருப்பதால், படித்துப் பார்ப்பவர்களுக்காவது விவரம் தெரிகிறது.

சுன்சாங் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு புவிசார் குறியீடு. அந்தப் பெயர் வேண்டுமானால் முக்கிய மூலப்பொருள்கள் அந்த வட்டாரத்திலேயே விளைந்திருக்க வேண்டும். ஆக, விழுது செய்கிறவர் பக்கத்துக் காட்டு மிளகாயை வாங்கித்தான் ஆக வேண்டும். நம்மூரில் பல குறியீடுகள் சான்றிதழோடு நின்றுவிடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கொள்முதல்தான். கோச்சுஜாங்குக்கு 2009-ல் கோடெக்ஸ் ஆசிய வட்டாரத் தரம் வந்தது. கொரியரின் புளித்த சோயா விழுதுகள் செய்யும் முறையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அக்டோபரில் ஊரில் திருவிழா நடக்கிறது. ஜாடிக்காரர்கள் இதையெல்லாம்விட, வருகிறவர்கள் ஒரு டப்பா வாங்கிப் போகிறார்களா என்றே பார்க்கிறார்கள்.

வாங்கிப்போன விழுதை அப்படியே தொட்டுக்கொள்வது குறைவு. வீட்டில் சாஸாக இளக்கிக்கொள்கிறார்கள். இரண்டு மேஜைக்கரண்டி விழுது, ஒரு கரண்டி சோயா சாஸ், இரண்டு கரண்டி அரிசிப் பாகு அல்லது தேன், ஒரு கரண்டி வினிகர், நசுக்கிய பூண்டு நாலு பல், கால் டம்ளர் தண்ணீர். எல்லாவற்றையும் சிறு தீயில் மூன்று, நாலு நிமிடம் கொதிக்கவிட்டு, பளபளப்பு வந்ததும் இறக்கி, கொஞ்சம் நல்லெண்ணெயும் வறுத்த எள்ளும் சேர்க்க வேண்டும். கொரியர்கள் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் ஊற்றுவதால் அங்கே வாசம் தூக்கலாக இருக்கும். பொரித்த கோழி, வறுத்த காளான், அவித்த காய் எதன்மேல் வேண்டுமானாலும் புரட்டலாம். பாகு சேர்த்த பிறகு தீ கூடினால் அடிபிடித்துக் கசந்துவிடும். மீதி விழுதுள்ள ஜாடிக்குள் ஈரக்கரண்டி போகக் கூடாது. மேலே வெள்ளைப் படலம் கட்டினால் அதை வழித்து எறிந்துவிட்டு, ஒரு பிடி உப்பைத் தூவி, மறுபடி வெயிலில் திறந்து வைக்கிறார்கள்.