உடன்போக்கு

குறிஞ்சியைப் பற்றி வகுப்பறையில் பேசுவது எளிது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். இவற்றைக் கரும்பலகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதியவன் நான். ஆயினும் ஒரு யாமத்தைக் கூட மலைமேல் கழித்ததில்லை. பணி ஓய்வு பெற்ற பின் அக்குறை நெஞ்சை உறுத்தத் தொடங்கியது. தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலையாகிய குனோங் தாஹானில் ஏறுவதென்று முடிவு செய்தேன். 'முடிவு செய்தேன்' என்னும் ஒருமை வினையைப் படிப்போர் கவனிக்க வேண்டும். என் மனைவியிடம் நான் தெரிவித்தது பயணத் தேதியை மட்டுமே.

தாஹானின் உயரம் 2187 மீட்டர். பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் தாமான் நெகாராக் காட்டினுள் அது நிற்கிறது. கோல தாஹானிலிருந்து செல்வது பழைய நெடுவழி. மெராப்போவை அடுத்த சுங்கை ரெலாவிலிருந்து செல்வது அதனினும் குறுகியது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். அதற்கு முன் ஓராண்டுக் காலம், 1276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங்கில் ஏறி இறங்கிக் கால்களைப் பழக்கினோம்.

காட்டுக்குள் கொண்டு செல்லும் பொருள்களை எல்லாம் நுழைவாயிலில் எண்ணிக் குறித்துக் கொண்டார்கள். தகர டின், நெகிழிப் பை, மின்கலம் எல்லாம் எண்ணிக்கை குறையாமல் திரும்பி வரவேண்டும். என் முதுகுப்பை பதினான்கு கிலோ, அவளுடையது ஒன்பது. பெருஞ்சுமையை நான் ஏற்றுக்கொண்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை.

முதல் நாள் கோல ஜுராமிலிருந்து கெம் கோர் என்னும் தங்குமிடம் வரை நடந்தோம். வழியில் ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டியிருந்தது. இளைஞர் சிலரோடு போட்டியிட்டு நான் முன்னே சென்றேன். மாலையில் கூடாரத்தருகே அவள் காற்சட்டையைச் சுருட்டியபோதுதான் முழங்கால் வீங்கியிருப்பதைக் கண்டேன். ஆற்றின் நடுவே பாறை வழுக்கி விழுந்தாளாம்.

"ஏன் கூப்பிடவில்லை?" என்றேன்.

"கூப்பிட்டேன். தண்ணீர் இரைச்சலில் உங்களுக்குக் கேட்கவில்லை" என்றாள்.

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் மறுமொழி சொல்லித் தப்பித்திருப்பேன்.

நான் எழுத வந்தது இரண்டாம் நாளைப் பற்றி. விடியலில் வாலில்லாக் குரங்குகளின் நெடிய கூவல் காட்டை எழுப்பியது. ஈரம் உலராத காலணிகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்கள் மலாய் வழிகாட்டி, வயதில் என் மகனை ஒத்தவர், எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "மக்சிக் முன்னே வரட்டும். பக்சிக் மக்சிக்குப் பின்னால். பெலான் பெலான்" என்றார். மெதுவாக நடப்பவர் எவரோ அவரே முன்னே நடக்க வேண்டும். அவருடைய அடியே மற்றவர்க்கு அளவு. அப்போதுதான் காட்டில் எவரும் தனித்து விடப்படார் என்பது அவர் தொழிலின் அறம். எனக்குச் சற்று நாணமாக இருந்தது. ஆயினும் பின்னே நின்றேன்.

திருமணமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அன்றுதான் நான் முதன்முறையாக என் மனைவியின் பின்னே நீண்ட தொலைவு நடந்தேன்.

கெம் கோரிலிருந்து பெர்மாத்தாங் நோக்கிச் செல்லும் பாதை ஏற்றம் மிகுந்தது. வேர்களே படிகள், பிரம்பின் முட்கள் சட்டையைப் பற்றி இழுக்கும், அட்டைகள் ஓசையின்றிக் காலில் ஏறும். அவள் ஒவ்வோர் அடியையும் ஊன்றி வைத்தாள். வலிக்கும் காலை முதலில் தூக்காமல், நல்ல காலை மேலே வைத்து மற்றதை அதனோடு சேர்த்தாள். ஒரு வழுக்குப் பாறையைக் கடந்ததும் நின்று திரும்பி, "இங்கே வழுக்கும், பார்த்து வாங்க" என்றாள். குறுக்கே சாய்ந்த கிளையைக் கையால் பிடித்து, நான் கடக்கும்வரை விடாமல் நின்றாள். பாதை வளையும் இடந்தோறும் திரும்பிப் பார்த்தாள். ஒரு முற்பகலுக்குள் அவள் எத்தனை முறை திரும்பினாள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். முந்தைய நாள் நான் திரும்பிப் பார்த்த எண்ணிக்கையை அதனோடு ஒப்பிட வேண்டியிருந்தது.

பெர்மாத்தாங்கில் சற்று அமர்ந்தோம். ரொட்டியைப் பிய்த்து என்னிடம் நீட்டியவாறே, "ஜொகூருக்குப் போனபோதும் நேற்று மாதிரிதான். நீங்கள் முன்னே, நான் பின்னே" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. 1991இல் எனக்குப் பேராக்கிலிருந்து ஜொகூருக்கு மாற்றலாகியது. அப்போது அவள் ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாள். நான் அவளிடம் கருத்துக் கேட்கவில்லை; லாரி வரும் நாளைச் சொன்னேன். அவள் பாத்திரங்களைக் கட்டினாள். பின்னர்ப் பிள்ளைகள் பிறந்தார்கள். அவள் வகுப்பறைக்குத் திரும்பவேயில்லை. அன்றும் அவள் கூப்பிட்டிருப்பாளோ, என் காதில்தான் இரைச்சல் மிகுந்திருந்ததோ என்று அம்மலைமேல் ஐயம் எழுந்தது.

பிற்பகலில் குபாங்கை அடைந்தோம். குபாங் என்றால் மலாயில் சேற்றுக் குட்டை. இடமும் பெயருக்கு ஏற்றதே. அங்கே வழிகாட்டி கடிகாரத்தையும் வானத்தையும் பார்த்தார். மற்றவர்கள் அன்றே மேலேறி, போத்தாக் என்னும் மொட்டை வெளியில் தங்கி, மறுநாள் உச்சியைத் தொடலாம். முழங்கால் வீங்கியவர் துணை வழிகாட்டியுடன் குபாங்கிலேயே தங்குவது நல்லது. இதைச் சொல்லிவிட்டு என்னை நோக்கினார்.

"நீங்கள் போய் வாருங்கள். ஓராண்டாக ஆசைப்பட்டீர்கள். நான் இங்கே இருப்பேன்" என்றாள் அவள்.

அவள் அதை மனமாரத்தான் சொன்னாள். என் ஆசையும் பொய்யன்று. உச்சி அருகில் இருந்தது. கால்களில் வலுவும் இருந்தது. ஆனால் 1991ஆம் ஆண்டிலும் அவள் மனமாரத்தான் வந்தாள். பிறர் மனமார விட்டுக்கொடுப்பது, நாம் எடுத்துக்கொள்வதற்கு உரிமை ஆகுமா? நான் பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

அன்றிரவு மழை பெய்தது. கூடாரத்துக்குள் ஒரே குவளையில் தேநீரைப் பகிர்ந்து குடித்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. கூதிரும் யாமமும் எப்படியிருக்கும் என்பதை அன்று அறிந்தேன். "நீ பயிற்சிக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டும்" என்றேன். நெடுநேரம் மழையின் ஓசை மட்டுமே கேட்டது. பிறகு, "ஆமாம், போயிருக்க வேண்டும்" என்றாள். அந்த மறுமொழியைப் பெற எனக்கு முப்பது ஆண்டுகளும் ஒரு மலையும் தேவைப்பட்டன.

மறுநாள் பைகளைக் கூடாரத்தில் வைத்துவிட்டு, பெலுமுட் வரை மெல்ல நடந்தோம். பாசி படர்ந்தது என்பது அப்பெயரின் பொருள். மரமெல்லாம் பாசி போர்த்து நின்றது. மலாய்க்காரர் 'குரங்கின் பானை' என்றழைக்கும் குடுவைச் செடிகளை அவள் குனிந்து குனிந்து பார்த்தாள். பனிமூட்டம் மூடியதும் திரும்பினோம். 2187 மீட்டரை நாங்கள் தொடவில்லை. நுழைவாயிலில் பொருள்களை மீண்டும் எண்ணினார்கள், எதுவும் குறையவில்லை.

தலைவியும் தலைவனும் ஊரை நீங்கிச் செல்வதற்கு நம் இலக்கணம் இரு பெயர்கள் தருகிறது. ஒன்று கொண்டுதலைக்கழிதல், மற்றொன்று உடன்போக்கு. இரண்டும் ஒன்றே என்று மாணவர்க்குச் சொல்லி மதிப்பெண்ணும் வழங்கியவன் நான். கொண்டு செல்வது வேறு, உடன் செல்வது வேறு என்பதைக் குபாங்கின் சேற்றில்தான் கற்றேன். இன்றும் வார இறுதிகளில் சில மாணவர்கள் வீட்டுக்குப் பாடம் கேட்க வருகிறார்கள். உடன்போக்கு வரும்போது, "இருவரில் முன்னே நடந்தவர் யார்?" என்று கேட்கிறேன். பெரும்பாலோர் தயங்காமல் தலைவன் என்கிறார்கள். தேநீர்த் தட்டோடு வரும் என் மனைவி அதைக் கேட்டுச் சற்றே நிற்கிறாள். நான் எழுந்து தட்டை வாங்கிக்கொள்கிறேன்.