கரட்டுச் செடியும் அதன் வேரும்

போன புரட்டாசியில, கரட்டோரம் சும்மா கிடக்குற அரை ஏக்கரைச் சமப்படுத்தலாம்னு மகன் ஜேசிபி கொண்டாந்தான். "வெறும் ஆவாரையும் விராலியும்தானப்பா நிக்குது, எடுத்துட்டா எள்ளு போடலாம்"னான். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. முப்பது வருசமா அந்தச் செடிகளை நான் தரைக்கு மேல மட்டுந்தானே பார்த்திருக்கேன்.

அடிவாரத்துல வெட்டுன இடத்துல, மேலிருந்து அரிச்சு வந்த மண்ணு ஆளு உசரத்துக்குக் கிடந்துச்சு. ஆவாரையோட ஆணிவேர் அதுல நட்டுக்குத்தலா இறங்கியிருந்துச்சு. செடி என் இடுப்பு உசரந்தான். ஏழடி வெட்டியும் வேர் முடியலை.

கொஞ்சம் மேல ஏறினா சரிவு. அங்க தடிச்ச வேரெல்லாம் மேட்டுப் பக்கமா ஓடி மண்ணைப் பிடிச்சிருக்கு. கூடாரத்துக்கு முளையடிச்சுக் கயிறு கட்டுவோமே, அதே மாதிரி. பள்ளத்துப் பக்கம் சன்ன வேருங்கதான்.

உச்சிக்குப் பக்கத்துல அரை அடிதான் மண்ணு, கீழ பாறை. வேர் பாறையில முட்டி, நாடா மாதிரி தட்டையாகி, படுத்தே போகுது. காலால அளந்தேன், பத்தடி இருக்கும். ஒரு வெடிப்பு வந்ததும் சட்டுனு உள்ள இறங்கிடுச்சு. அந்த வெடிப்புக்குள்ள தலைமுடி சுருட்டி வச்ச மாதிரி சல்லிவேர். கையை விட்டா ஜில்லுனு ஈரம். வெளிய அடிக்கிற வெயிலுக்கு நம்பவே முடியலை.

ஒரே செடி, ஒரே விதை, நூறடி தூரத்துக்குள்ள மூணு விதமான வேர். வேர்நுனிக்கு ஒரு பக்கம் ஈரம் தட்டுப்பட்டா அந்தப் பக்கமே வளையும், கிளை வேரும் அந்தப் பக்கந்தான் அதிகம் விடும். சரளையில லேசா மழை பெஞ்சாலும் தண்ணி கல்லிடுக்குல இறங்கிடும், வெயில் அதை லேசுல எடுக்க முடியாது. அதனாலதான் மேட்டுல வேர் கல்லைத் தேடிப் போகுது. அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல, டூசான் பக்கம் சுரங்கம் வெட்டுனப்ப, நம்ம சீமைக்கருவேலத்துக்குப் பங்காளியான ஒரு மரத்தோட வேர் 53 மீட்டர் ஆழத்துல கிடைச்சுதுன்னு 1963-ல எழுதி வச்சிருக்காங்க. அந்த ஆழத்துக்கு நம்ம ஊர்ல போர் போட்டாலும் புகைதான் வரும்.

"தம்பி, நிறுத்துப்பா"ன்னேன். வண்டிக்காரத் தம்பி, "அண்ணே, இன்னும் ஒரு மணி நேர வேலைதான்"னான். மகன் என்னை முறைச்சான். நிறுத்தியாச்சு, ஆனா கீழ்ப்பாதி போனது போனதுதான்.

ஐப்பசியில ஒரே ராத்திரி மழை. வெட்டுன பாதியில முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்து, மண்ணெல்லாம் வழிஞ்சு கிணத்துக்குள்ள இறங்கிடுச்சு. வெட்டாத பாதியில ஒரு கல்லுகூட நகரலை. தூர் வாரவே எட்டு நாள் ஆச்சு. எள்ளுல எடுக்கலாம்னு நினைச்ச காசு கிணத்துக்கே சரியாப் போச்சு.

இப்ப அந்த ஓடைக்குக் குறுக்கால கல்லடுக்கி, ஆவாரை விதை ஊனிக்கிட்டு இருக்கேன். விதைத்தோல் கெட்டி, கல்லுல லேசா உரசித்தான் போடணும். பைச் செடி வாங்கி வைக்கலாமேன்னு மகன் கேட்டான். முன்னாடி நான் பையில வாங்கி வச்ச புங்கன் ஒண்ணு பட்டுப்போய் அங்கேயே நிக்குது. அதைப் பிடுங்கி அவன் கையில கொடுத்தேன். மூணு வருசம் கழிச்சும் வேர் பை அளவுக்குத்தான் வட்டமா சுத்திக் கிடந்துச்சு.

ஒண்ணும் பேசலை. விதைக் கொட்டாங்குச்சியை வாங்கிக்கிட்டு அவனும் உரச உட்கார்ந்துட்டான்.