மூன்று நிறத் தேநீர்

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொன்னபோது, தோழியர் பலர் பெரிய பெரிய தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது ஒரு குவளைத் தேநீரைப் பற்றித்தான். அடுப்படிச் செய்தியை மலரில் ஏற்றலாமா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். இதில் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது. நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது.

சென்ற ஆண்டு பிப்ரவரியில், விடுதியில் என்னுடன் தங்கியிருக்கும் தோழி கோவையிலுள்ள தன் வீட்டுக்கு என்னை அழைத்துப் போயிருந்தாள். அன்று மாலை அவள் அம்மா ஒரு தட்டில் நான்கு நீண்ட கண்ணாடிக் குவளைகளை வைத்துக் கொண்டுவந்தார். அடியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே இளம்பச்சை. மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே நின்றன. மேலே பனிக்கட்டிகள் மிதந்தன. அடியில் மாதுளைச் சாறு, நடுவில் மாம்பழச் சாறு, மேலே பச்சைத் தேயிலையின் நீர் என்று தோழி விளக்கினாள். குடிப்பதற்கே மனம் வரவில்லை; அத்தனை அழகு.

"இந்தத் தேயிலை உங்க ஊர்ப் பக்கத்திலிருந்து வந்ததும்மா. நூறு கிராம் 300 ரூபாய்" என்றார் தோழியின் அப்பா. பிறகு இயல்பாக, "உங்க வீட்டிலே என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"தேயிலைத் தோட்டம் அங்கிள்" என்றேன்.

"அப்படியா! சொந்தத் தோட்டமா?"

நான் பதில் சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நான் சிரித்தேன். உண்மை என்னவென்றால், என் அம்மா குன்னூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர். அப்பா அதே தோட்டத்தின் தொழிற்சாலையில் மூட்டை தூக்குபவர். அதற்குப் பிறகு அந்தக் குவளையிலிருந்தது இனித்ததா கசந்ததா என்பது எனக்கு நினைவில்லை.

மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனேன். அந்தக் குவளையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். பொய்யை மட்டும் விட்டுவிட்டேன். "நாமும் வீட்டிலே செய்து பார்ப்போமா?" என்றேன். அம்மா முதலில் கேட்டது விலையைத்தான். சொன்னேன். ஒன்றும் பேசாமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். கொழுந்துச் சாறு ஏறி ஏறிக் கறுத்து, நுனியில் வெடித்திருந்த விரல்கள்.

எங்கள் வீட்டில் பச்சைத் தேயிலை இருந்ததே இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் அது நிறைய இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். பறித்த கொழுந்தில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்து வந்தாலும் அது திருட்டு. நாங்கள் குடிப்பது கடையில் வாங்கும் தூள்தான். ஆனால் லயத்துக்குக் கீழே அரை ஏக்கர் சொந்தமாக வைத்திருக்கும் பாட்டி ஒருவர் உண்டு. அம்மா அவரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிறு கூடை கொழுந்து பறித்து வந்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு. அதற்குக் கீழே ஓர் இலைகூட வரவில்லை. கால் கிலோ இருக்கும்.

"பச்சைத் தேயிலைன்னா தனிச் செடின்னு நெனச்சியா? எல்லாம் இதே செடிதான்" என்றார் அம்மா. இது எனக்கும் பாடத்தில் தெரிந்ததுதான். பறித்த இலையை வாட்டிக் கசக்கிக் காற்றாட விட்டால், இலையிலுள்ள நொதிகள் ஆக்சிஜனோடு சேர்ந்து வேலை செய்து அதைக் கறுப்பாக்குகின்றன. அது கறுப்புத் தேயிலை. பறித்த உடனே ஆவியிலோ சூட்டிலோ காட்டினால் நொதிகள் செயலிழந்துவிடும். இலை பச்சையாகவே நிற்கும். நான் இதைத் தேர்வுக்காகப் படித்தேன். அம்மா இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, இலையைப் போட்டுக் கையாலேயே புரட்டிப் புரட்டி வாட்டினார். இலை துவண்டதும் முறத்தில் கொட்டி, உள்ளங்கையால் உருட்டினார். மறுபடி இளஞ்சூட்டில் காய வைத்தார். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. எங்கள் கால் கிலோ, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

எல்லாவற்றையும் அம்மாயி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இலங்கை மலைநாட்டில் பிறந்து, அங்கேயும் கொழுந்து பறித்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர். அவரைப் போலத் தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பழத்துக்கு வழி சொன்னவர் அம்மாயிதான். மாதுளையும் மாம்பழமும் எங்களுக்கு விலை அதிகம். வேலியில் படர்ந்திருந்த தாட்பூட் பழத்தைக் காட்டி, "கொடித்தோடை இருக்கே, அது போதாதா?" என்றார். அது மஞ்சளுக்கு ஆயிற்று. சிவப்புக்கு, அந்த மாதத்தில் எங்கள் மலையில் மலிவாகக் கிடைக்கும் பிளம்ஸ் பழம் கால் கிலோ வாங்கினோம்.

மிச்சமிருந்தது பனிக்கட்டி. எங்களிடம் குளிர்பதனப் பெட்டி கிடையாது. கடைத்தெருவில் ஒரு பேக்கரியில் கேட்டு, தூக்குவாளியில் போட்டுத் துணி சுற்றி எடுத்து வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஐஸ் ஹவுஸ் நினைவுதான். அமெரிக்காவின் ஃபிரடெரிக் டியூடர் என்பவர், பாஸ்டனிலிருந்து ஏரிப் பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த கட்டடம், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கடல் கடந்து வந்த அந்தப் பனிக்கட்டி எவ்வளவு தாங்கியதோ, என் தூக்குவாளியிலிருந்தது பாதிதான் வீடு வந்து சேர்ந்தது.

அம்மா அதைப் பார்த்து முகம் சுளித்தார். "பனியைக் காசு குடுத்தா வாங்குவாங்க?" என்றார். அவர் சொன்னதன் பொருள் மலையில் பிறந்தவர்களுக்குத்தான் புரியும். டிசம்பர், ஜனவரியில் பள்ளத்துச் சரிவுகளில் உறைபனி இறங்கினால் ஒரே இரவில் கொழுந்து கருகிவிடும். கொழுந்து இல்லையென்றால் எடைக்குக் கிடைக்கும் மேற்காசு இல்லை. விடியற்காலையில் வெளுத்துக் கிடக்கும் சரிவைப் பார்த்து அம்மா நிற்கும் கோலம் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவருக்குப் பனி என்பது குளிர்ச்சி அன்று, இழப்பு.

இனி என் சமையற் சோதனை. முதல் முறை, வழக்கமாகத் தேநீர் போடுவதுபோல இலையைக் கொதிக்க வைத்தேன். நிறம் பழுப்பாயிற்று, வாயில் வைக்க முடியாத கசப்பு. கொதிநீர் இலையிலிருந்து துவர்ப்புப் பொருள்களை அளவுக்கு மீறி இழுத்துவிடும். நீர் கொதித்ததும் இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஏறத்தாழ 80 பாகைச் சூட்டில் இலையைப் போட்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். இரண்டாம் முறை அப்படிச் செய்தேன். தேநீர் நன்றாக வந்தது. ஆனால் அதிலும் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். ஊற்றியதும் மூன்றும் கலந்து, சேற்று நிறத்தில் ஒரே நீராய் நின்றது.

அப்போதுதான் முதலாம் ஆண்டு ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. அடர்த்தி காணும் குப்பியை வைத்துக்கொண்டு, இது வாழ்க்கையில் எதற்கு உதவப் போகிறது என்று அலுத்துக்கொண்டவள் நான். தூய நீரின் அடர்த்தி 1 என்றால், 100 கிராம் கரைசலில் 10 கிராம் சர்க்கரை இருந்தால் 1.04, 20 கிராம் இருந்தால் 1.08. பனிக்கட்டிக்கு 0.92. இந்தச் சிறு வேறுபாடுதான் அடுக்குகளைத் தாங்குகிறது. எதில் சர்க்கரை மிகுதியோ அது அடியில், குறைந்தது நடுவில், சர்க்கரையே இல்லாதது மேலே. எல்லாம் நன்றாக ஆறியும் இருக்க வேண்டும்.

மூன்றாம் முறை செய்த அளவைச் சொல்கிறேன்; நான்கு குவளைக்குச் சரியாக இருக்கும். கால் கிலோ பிளம்ஸைத் தோலோடு நறுக்கி, எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரையும் கொஞ்சம் நீரும் விட்டுக் கொதிக்கவைத்து, மசித்து வடிகட்ட வேண்டும். தோலிலிருந்துதான் சிவப்பு இறங்கும். நான்கு தாட்பூட் பழங்களின் சதையை விதை நீக்கி வடித்து, அதே அளவு நீரும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்க்க வேண்டும். தேயிலை இரண்டு தேக்கரண்டி, நீர் இரண்டு டம்ளர். முதலில் சிவப்பு, அதன்மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு மஞ்சள், பிறகு பனிக்கட்டி, அந்தப் பனிக்கட்டியின் மேலேயே மெல்லத் தேநீர்.

சிவப்பை நான் ஊற்றினேன். மஞ்சளை ஊற்றும்போது என் கை நடுங்கிற்று. "இப்படிக் குடு" என்று அம்மா வாங்கிக்கொண்டார். ஒரு நாளில் பல ஆயிரம் தளிரைக் கிள்ளும் கை அது. ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்காமல் மஞ்சள் போய் உட்கார்ந்தது. அதன்மேல் பச்சை. கோவையில் பார்த்த அதே குவளை எங்கள் லயத்தில், எங்கள் பழைய டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் நின்றது.

"அவங்க வீட்டிலே உன்னை யாருன்னு கேட்டாங்களா?" என்றார் அம்மா, குவளையைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். தலை நிமிரவில்லை. அடி விழுந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சொந்தத் தோட்டம்தான், போ. எந்தச் செடி எங்கே நிக்குதுன்னு மொதலாளிக்கா தெரியும்?" என்றார். அம்மாயி சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. மீதியிருந்த தேயிலையை ஒரு தாளில் மடித்து என் பையில் வைத்து, "இதைக் கொண்டுபோய்க் குடு. யார் செஞ்சதுன்னு சொல்லிக் குடு" என்றார்.

அம்மாயி கரண்டியை விட்டு மூன்று நிறத்தையும் ஒரே கலக்காகக் கலக்கிக் குடித்தார். அம்மா அடுக்குக் கலையாமல் மேலிருந்து ஒரு வாய் குடித்தார். அவர் பறித்த கொழுந்தை, தூளாகாமல் கறுக்காமல், இப்படிக் குடித்தது அவருக்கு அதுவே முதல் முறை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா தேத்தண்ணின்னா சூடா இருக்கணும்" என்று சொல்லி, அடுப்பில் கேத்தலை ஏற்றினார்.

ஜூனில் விடுதிக்குத் திரும்பியதும் பொட்டலத்தைத் தோழியிடம் நீட்டினேன். யார் செய்தது, அவர் என்ன வேலை செய்கிறார், அன்று நான் ஏன் சிரித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு மாதம் தொண்டையில் நின்றது, சொல்லி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். "எங்கப்பா 300 ரூபாய்க்கு வாங்கினதைவிட வாசனையா இருக்கேடி" என்றாள். சற்று நேரம் கழித்து, "உங்கம்மாவை எனக்குக் காட்டுவியா?" என்று கேட்டாள்.

வருகிற மே மாதம் அவள் எங்கள் ஊருக்கு வருகிறாள். பழத்துக்கு வேலியில் கொடி இருக்கிறது. கொழுந்துக்குப் பாட்டியிடம் சொல்லியாயிற்று. பனிக்கட்டிக்குத்தான் ஒரு பெரிய தூக்குவாளி வாங்க வேண்டும்.