தாத்தா தினமும் திறந்த பழைய கதவு

பூம்பாறையில் மாலை நான்கு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். படிக்கட்டு வயல்களில் பூண்டு வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் அந்த நேரத்தில்தான் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வீட்டுக் கணினியை ஆன் செய்வார். தலையில் மஃப்ளர், பக்கத்தில் சுக்குக் காப்பி. மேஜைக்குக் கீழே, ரவுட்டரோடு கேபிளில் இணைத்த கறுப்புப் பெட்டி ஒன்று. அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான் அவர் மனைவியின் படங்கள் இருந்தன. குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு முன்னால் நின்றது, பூண்டு உரித்துக்கொண்டே கேமராவை முறைத்தது, பேரனை மடியில் வைத்திருந்தது. அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. நாலு படமாவது பார்க்காமல் ஆசிரியர் ராத்திரி சாப்பிட உட்காரமாட்டார்.

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கும் பேரன் லீவுக்கு வந்தபோது அந்தக் கணினியைக் குடைந்தான். விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு அப்படியே ஏற்றப்பட்ட பழைய மெஷின். கன்ட்ரோல் பேனலில், விண்டோஸ் வசதிகளை ஆன், ஆஃப் செய்யும் பட்டியலில் 'எஸ்.எம்.பி 1.0' என்ற வரிக்கு டிக் இருந்தது.

"தாத்தா, இதை எடுத்துடணும்."

ஒரு கணினி இன்னொன்றிடம் ஃபைல் கேட்பதற்கும், நெட்வொர்க்கில் இருக்கும் பிரின்டரைப் பயன்படுத்துவதற்கும் உள்ள பேச்சு முறைதான் எஸ்.எம்.பி. 1983-ல் ஐ.பி.எம்.மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. விண்டோஸ் விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பழைய சாதனங்களுக்காக முதல் பதிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12-ல் 'வான்னாக்ரை' உலகம் முழுக்கப் புகுந்தது. யாரும் எதையும் க்ளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அதுவே தாவும். ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்கும். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் திணறின. ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலையிலும் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும்கூடப் பாதிப்பு. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அதன் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் ஓர் ஏற்பாடு உண்டு. கணினி ஆனில் இருக்கும் நேரத்தைக் கூட்டி, மொத்தம் 15 நாள் இந்தப் பழைய பேச்சு பயன்படாவிட்டால் விண்டோஸே அதைக் கழற்றிவிடும். இந்த வீட்டில் கழற்றவில்லை. காரணம், அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வேறு பேச்சே தெரியாது. தாத்தா தினமும் பாட்டியைப் பார்க்க, அந்தக் கதவு தினமும் திறந்தது.

"இதை எடுத்தா பெட்டி திறக்குமா?"

"திறக்காது தாத்தா."

"அப்ப வேணாம்டா. இந்தக் குளிருக்குள்ள எந்தத் திருடன் வரப்போறான்?"

பேரன் வாதாடவில்லை. அந்த வரிக்குள் கிளையன்ட், சர்வர் என்று தனித்தனி டிக் உண்டு. சர்வர் டிக்கை மட்டும் எடுத்துவிட்டுப் படங்களை வழக்கம்போலப் பார்க்கலாம். அந்த யோசனை அவனுக்கும் வந்தது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அன்றிரவே படங்களைக் கணினிக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். பாதியில் கரன்ட் போனது. மறுபடி முதலிலிருந்து. தேர்த் திருவிழா ஃபோல்டரில் வந்து நின்றது நின்றதுதான். விடியும்போது பதினோரு படங்கள் வரவே இல்லை. அதில் மூன்றில் பாட்டி இருந்தார்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணுல பச்சைச் சேலை கட்டியிருப்பா. உங்கம்மாவுக்கும் தெரியும்" என்றார்.

பேரன் வந்த படங்களை ஒரு பென் டிரைவிலும் போட்டான். விண்டோஸ் அப்டேட் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தான். அப்டேட் இல்லாமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அந்தக் கணினிக்கு வேறு ஓட்டைகளும் இருக்கும். அப்புறம் எஸ்.எம்.பி 1.0-வின் டிக்கை எடுத்து, ரீஸ்டார்ட் கொடுத்தான். புதிய பதிப்புகளைத் தொடவில்லை. அவற்றையும் நிறுத்தினால் இன்றைய பிரின்டர், ஃபைல் பகிர்வு எல்லாம் படுத்துவிடும்.

கணினி திரும்ப எழுந்ததும் தாத்தா பழக்கத்தில் பெட்டியின் ஐகானைத்தான் தட்டினார். திறக்க முடியவில்லை என்றது திரை. பேரன் மவுஸை வாங்கி, டெஸ்க்டாப்பில் புதிதாகப் போட்டிருந்த ஃபோல்டரைக் காட்டினான். அதற்குப் பாட்டியின் பெயரையே வைத்திருந்தான்.

"இதைத் தட்டணுமா?"

"ரெண்டு தடவை தட்டுங்க தாத்தா."

முதல் படமே பூண்டு உரித்துக்கொண்டு முறைக்கும் படம். தாத்தா காப்பியை எடுத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.